இந்தியப் பங்குச் சந்தைகளில் நிகழ்நேரக் கண்காணிப்பின் வரலாறு

மின்னணு நிதிச் சந்தைகளில் இடப்படும் ஒவ்வோர் ஆணையையும், நிறைவேறும் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் அது நிகழும்போதே கணினி கொண்டு ஆராய்ந்து, ஐயத்திற்குரியவற்றை உடனுக்குடன் சுட்டிக்காட்டும் முறை நிகழ்நேரச் சந்தைக் கண்காணிப்பு எனப்படும். இதற்கு அடிப்படையான கணினி நுட்பம் நிகழ்வுச் செயலாக்கம் ஆகும். இந்தியாவில் இம்முறை ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஒவ்வொரு நெருக்கடிக்குப் பின்னும் ஒரு படியாக வளர்ந்தது. நடந்து பல நாட்களுக்குப் பின் ஏட்டைப் புரட்டிப் பார்த்த காலம் போய், ஆணை சந்தைக்குள் நுழையும் முன்பே அதைத் தடுக்கும் காலம் வந்துள்ளது. ஆயினும் எதைத் தேட வேண்டும் என்பதை மனிதர்தாம் கணினிக்குச் சொல்ல வேண்டும் என்ற நிலை மாறவில்லை. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏட்டுக் கணக்கின் காலம்

தொலைவில் நடக்கும் கொடுக்கல் வாங்கலை ஊரிலிருந்தே கண்காணிக்கும் பழக்கம் புதுக்கோட்டைப் பகுதிக்குப் புதியதன்று. இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் இராயவரம், அரிமளம், ராங்கியம், குழிபிறை, விராச்சிலை, கோனாபட்டு, நச்சாந்துபட்டி முதலிய ஊர்களைச் சேர்ந்த நகரத்தார், பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வட்டித் தொழில் நடத்தினர். முதலாளி ஊரில் இருப்பார். கடையை நடத்தும் ஏஜெண்டு கடல் கடந்து இருப்பார். பேரேடும் ஐந்தொகையும் எழுதப்பட்டு, அவற்றின் விவரம் கப்பல் வழியே ஊருக்கு வந்து சேரும். ரங்கூனில் மொகல் தெருவில் கூடி, அந்தந்த மாதத்திற்கான நடப்பு வட்டியை முடிவு செய்யும் வழக்கமும் இருந்தது.

இது ஒழுங்கான கண்காணிப்பு முறைதான். ஆனால் அதன் வேகம் கப்பலின் வேகம். தவறு நடந்து, அது ஏட்டில் ஏறி, ஏடு ஊருக்கு வந்த பிறகே முதலாளியின் கண்ணில் படும். இடையில் காப்பாற்றியது உறவும் நம்பிக்கையும் மட்டுமே.

பங்குச் சந்தையின் தொடக்ககால நிலையும் ஏறக்குறைய இதுவே. மும்பை பங்குச் சந்தை 1875ஆம் ஆண்டில் தரகர் சங்கமாகத் தொடங்கியது. சென்னையில் 1920ஆம் ஆண்டில் முதல் பங்குச் சந்தை தோன்றியது. அன்றைய வணிகம் நடந்த இடம் ‘ரிங்’ எனப்பட்ட வணிகக் களம். தரகர்கள் நேருக்கு நேர் நின்று உரக்கக் கூவியும் கைச்சைகை காட்டியும் விலை பேசினர். பேசி முடித்ததைச் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். எந்த விலையில், எந்த நேரத்தில் வணிகம் முடிந்தது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. தரகர் ஒரு விலைக்கு வாங்கிவிட்டு, அன்றைய நாளின் உயர்ந்த விலையை வாடிக்கையாளரிடம் சொன்னாலும், வெளியூரில் இருப்பவரால் அதைச் சரிபார்க்க முடியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மறுநாள் நாளிதழில் வரும் விலைப்பட்டியல்தான்.

1992: முதல் பெரும் பாடம்

இந்தியப் பங்கு மற்றும் பரிவர்த்தனை வாரியமான செபி 1988 ஏப்ரல் மாதம் அமைக்கப்பட்டது. எனினும் அதற்குச் சட்ட அதிகாரம் 1992ஆம் ஆண்டு சனவரி மாதமே கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரல் மாதம் ஹர்ஷத் மேத்தா ஊழல் வெளிப்பட்டது.

வங்கிகளுக்கிடையே அரசுக் கடன் பத்திரங்களை வாங்கி விற்கும்போது, பத்திரத்திற்குப் பதிலாக ‘வங்கி ரசீது’ என்ற தாள் கைமாறியது. பின்னால் பத்திரம் இல்லாமலேயே சில ரசீதுகள் வழங்கப்பட்டன. அப்படித் திரட்டிய பணம் பங்குச் சந்தைக்குள் பாய்ந்து விலைகளை உயர்த்தியது. இந்திய ரிசர்வ் வங்கியின் பொதுக்கடன் அலுவலகத்தில் பத்திரங்களின் உடைமைக் கணக்கு கையால் எழுதும் பேரேட்டில் இருந்தது. அதில் பதிவு ஏறி, சரிபார்க்கப்படும் வரையிலான இடைவெளியே ஊழலுக்கு வழியாயிற்று.

இதை வெளிக்கொணர்ந்தது எந்தக் கண்காணிப்புத் துறையும் அன்று. 1992 ஏப்ரல் 23 அன்று பத்திரிகையாளர் சுசேதா தலால் டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழில் எழுதிய செய்தியே இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பாரத ஸ்டேட் வங்கியின் கணக்கில் ஏறத்தாழ 500 கோடி ரூபாய் குறைவதை அச்செய்தி சுட்டியது. அதற்குப் பின்னரே ஜானகிராமன் குழுவும் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவும் விசாரித்தன.

நேர முத்திரை பெற்ற வணிகம்

தேசியப் பங்குச் சந்தை 1992 நவம்பரில் நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டு, 1994 நவம்பர் 3 அன்று பங்கு வணிகத்தைத் தொடங்கியது. அதற்கு வணிகக் களம் இல்லை. செயற்கைக்கோள் இணைப்பின் மூலம் நாட்டின் பல ஊர்களில் இருந்த தரகர்களின் கணினிகள் ஒரே மையக் கணினியுடன் இணைக்கப்பட்டன. மும்பை பங்குச் சந்தையும் 1995 மார்ச் மாதம் தன் ‘போல்ட்’ என்ற மின்னணு முறைக்கு மாறியது.

இம்மாற்றத்தை வேகத்தின் வரலாறாக மட்டும் பார்ப்பது போதாது. இப்போது ஒவ்வோர் ஆணைக்கும் ஓர் எண்ணும் ஒரு நேர முத்திரையும் கிடைத்தன. முதலில் நல்ல விலை, ஒரே விலையானால் முதலில் வந்த ஆணை என்ற விதிப்படி கணினி வாங்குபவரையும் விற்பவரையும் இணைத்தது. நேரம் என்பது முதன்முறையாகச் சான்றாக மாறியது. எந்தத் தரகர், எந்த நொடியில், எந்த விலைக்கு, எத்தனை பங்குகள் கேட்டார், எப்போது விலக்கிக்கொண்டார் என்பதெல்லாம் பதிவாயின. கண்காணிப்பதற்கு ஒன்று கிடைத்த பிறகே கண்காணிப்பு சாத்தியமாயிற்று.

1996இல் இயற்றப்பட்ட வைப்பகச் சட்டத்தால் காகிதப் பங்குச் சான்றிதழ்கள் டீமேட் கணக்குகளாக மாறத் தொடங்கின. அதே ஆண்டில் தேசியப் பங்குச் சந்தையின் தீர்வுக் கழகம் செயல்பாட்டுக்கு வந்து, ஒரு தரகர் பணம் கட்டத் தவறினாலும் எதிர்த்தரப்புக்குப் பணம் சேரும் என உறுதியளித்தது. அந்த உறுதியைக் காக்க, தரகர்களின் நிலுவையையும் அவர்கள் கட்டியுள்ள ஈட்டுத்தொகையையும் வணிகம் நடக்கும்போதே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. ஈட்டுத்தொகை தீரும் நிலையை எட்டிய தரகரின் புதிய ஆணைகளைக் கணினியே கட்டுப்படுத்தியது.

நிகழ்வுச் செயலாக்கம் எவ்வாறு இயங்குகிறது?

ஆசிரியர்களுக்குத் தெரிந்த ஓர் ஒப்புமையால் இதை விளக்கலாம். எழுதி முடித்த விடைத்தாள்களைத் திருத்தும்போது, இரண்டு மாணவர்களின் விடை ஒன்றுபோல் இருப்பதைக் கண்டுபிடிக்கலாம். அதற்குள் தேர்வு முடிந்துவிட்டிருக்கும். தேர்வறைக் கண்காணிப்பாளர் செய்வது வேறு வேலை. யார் எந்தப் பக்கம் திரும்புகிறார், உடனே பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதை நடக்கும்போதே பார்க்கிறார்.

வழக்கமான தரவுத்தளம் விடைத்தாள் கட்டைப் போன்றது. தரவைச் சேமித்து வைத்துவிட்டுப் பிறகு கேள்வி கேட்கிறோம். நிகழ்வுச் செயலாக்கத்தில் இது தலைகீழாகிறது. கேள்விகளை முன்பே சேமித்து வைக்கிறோம். தரவு அவற்றின் ஊடாக ஓடிச் செல்கிறது. எந்தக் கேள்விக்கு விடை பொருந்துகிறதோ அங்கே எச்சரிக்கை எழுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் லக்கம் 2002இல் வெளியிட்ட ‘நிகழ்வுகளின் ஆற்றல்’ என்ற பொருள் தரும் நூல் இத்துறையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. ஆஸ்திரேலியாவில் 1994இல் தொடங்கப்பட்ட ஸ்மார்ட்ஸ் என்ற நிறுவனம் சந்தைக் கண்காணிப்புக்கென்றே மென்பொருள் உருவாக்கியது. அதை 2010இல் நாஸ்டாக் வாங்கியது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பங்கின் விலை 100 ரூபாய். அதை மலிவாக வாங்க விரும்பும் ஒருவர், 100 ரூபாய் 20 காசு விலையில் 50,000 பங்குகளை விற்பதாக ஆணை இடுகிறார். பெரிய விற்பனை வருகிறது என்று அஞ்சிய மற்றவர்கள் 99 ரூபாய் 80 காசுக்கு விற்க முன்வருகிறார்கள். அவர் அந்த விலையில் 2,000 பங்குகளை வாங்கிக்கொண்டு, தம் பெரிய விற்பனை ஆணையை விலக்கிவிடுகிறார். ஆணை இடுவது குற்றமன்று, வாங்குவதும் குற்றமன்று, ஆணையை விலக்குவதும் குற்றமன்று. ஆனால் இம்மூன்றும் ஒருவராலேயே, இந்த வரிசையில், சில நொடிகளுக்குள், மீண்டும் மீண்டும் நடந்தால் அது பிறரை ஏமாற்றும் போலி ஆணை முறையாகும். தனி நிகழ்வைப் பார்த்தால் இது தெரியாது. நிகழ்வுகளின் வரிசையையும் இடைவெளியையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். இதற்காகக் கணினி கடைசிச் சில நொடிகளின் அல்லது நிமிடங்களின் நிகழ்வுகளை மட்டும் நினைவில் வைத்து நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கால அளவுக்குச் ‘சாளரம்’ என்று பெயர்.

இதில் இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. பல கணினிகளிலிருந்து வரும் நிகழ்வுகளின் கடிகாரங்கள் ஒத்திராவிட்டால் வரிசையே தவறாகிவிடும். அடுத்து, வரம்பைக் குறைவாக வைத்தால் பொய் எச்சரிக்கைகள் குவிந்து, பார்ப்பவர் அலுத்துப்போவார். கூடுதலாக வைத்தால் உண்மையான குற்றம் நழுவிவிடும்.

2001: தனித்தனிக் கண்கள்

2001 மார்ச் மாதம் கேத்தன் பாரேக் விவகாரம் வெடித்தது. சில குறிப்பிட்ட நிறுவனங்களின் பங்கு விலைகள் செயற்கையாக உயர்த்தப்பட்டதும், கொல்கத்தா பங்குச் சந்தையில் தரகர்கள் பணம் கட்ட முடியாமல் நின்றதும் தெரியவந்தன. ஒவ்வொரு சந்தையும் தன் திரையில் நடப்பதை மட்டுமே பார்த்தது. ஒரே கூட்டம் பல தரகர்கள் வழியே பல சந்தைகளில் செயல்பட்டால், முழுப்படம் எவர் கண்ணிலும் படவில்லை.

இதன் விளைவாக, நிலுவையை அடுத்த தவணைக்குத் தள்ளிவைக்கும் ‘பட்லா’ முறை 2001 சூலையில் முடிவுக்கு வந்தது. சந்தைகளின் தரவுகளை ஒருங்கே பெற்று ஆராயும் ஒருங்கிணைந்த கண்காணிப்பு அமைப்பைச் செபி உருவாக்கியது.

பின்னர், 2003 முதல் 2005 வரையிலான புதிய பங்கு வெளியீடுகளில், சிறு முதலீட்டாளருக்கு ஒதுக்கிய பங்குகளைச் சிலர் ஆயிரக்கணக்கான போலிப் பெயர்க் கணக்குகள் மூலம் கைப்பற்றியது வெளிப்பட்டது. 2007 முதல் பங்கு வணிகத்திற்கு வருமான வரி நிரந்தரக் கணக்கு எண்ணான ‘பான்’ எண்ணே ஒரே அடையாளம் என்று விதிக்கப்பட்டது. இதைப் பலர் வெறும் காகிதச் சடங்காகக் கருதினர். உண்மையில், சிதறிக் கிடக்கும் நிகழ்வுகளை ஒரே மனிதரோடு இணைக்கும் நூல் இந்த எண்தான்.

2010–2012: இயந்திர வேகம்

சந்தைக் குறியீட்டெண் ஒரே நாளில் 10, 15, 20 விழுக்காடு நகர்ந்தால் வணிகத்தை நிறுத்தும் ‘சர்க்யூட் பிரேக்கர்’ விதி 2001 சூலை 2 முதல் நடைமுறைக்கு வந்தது. 2004 மே 17 அன்று தேர்தல் முடிவுகளுக்குப் பின் ஏற்பட்ட வீழ்ச்சியில் வணிகம் இரண்டு முறை நிறுத்தப்பட்டது. 2009 மே 18 அன்று தேர்தல் முடிவை வரவேற்று ஏற்பட்ட ஏற்றத்தாலும் நிறுத்தப்பட்டது. இவை மனிதர்களின் அச்சத்தாலும் மகிழ்ச்சியாலும் நேர்ந்தவை.

இயந்திரங்களால் நேரும் வீழ்ச்சி எப்படி இருக்கும் என்பதை 2010 மே 6 அன்று அமெரிக்கா கண்டது. டவ் ஜோன்ஸ் குறியீடு சில நிமிடங்களில் ஏறத்தாழ 1,000 புள்ளிகள் வரை சரிந்து, விரைவிலேயே பெரும்பகுதி மீண்டது. என்ன நடந்தது என்று விளக்கும் அரசு அறிக்கை செப்டம்பர் இறுதியில்தான் வந்தது. அன்றைய நாளில் போலி ஆணைகள் இட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நவீந்தர் சரோ, லண்டனில் தம் பெற்றோர் வீட்டிலிருந்து வணிகம் செய்தவர். அவர் 2015இல்தான் கைதானார். நிமிடங்களில் நடந்ததைப் புரிந்துகொள்ள மாதங்களும் ஆண்டுகளும் தேவைப்பட்டன.

இந்தியாவில் 2008இல் தரகரின் தலையீடின்றி நிறுவனங்கள் நேரடியாக ஆணை இடும் வசதி அனுமதிக்கப்பட்டது. சந்தையின் கணினி அறைக்குள்ளேயே தரகரின் கணினியை வைக்கும் வசதி 2010இல் தேசியப் பங்குச் சந்தையில் வந்தது. நிரல்வழி வணிகத்திற்கான வழிகாட்டு நெறிகளை 2012 மார்ச் மாதம் செபி வெளியிட்டது.

அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று காலை, எம்கே குளோபல் என்ற தரகு நிறுவனத்தின் 59 தவறான ஆணைகள் தேசியப் பங்குச் சந்தைக்குள் நுழைந்தன. 650 கோடி ரூபாய்க்கு மேல் பங்குகள் விற்கப்பட்டன. நிஃப்டி சில நொடிகளில் 15 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. விதிப்படி 10 விழுக்காட்டிலேயே வணிகம் நின்றிருக்க வேண்டும். ஆனால் நிறுத்தம் செயல்படுவதற்குள், ஏற்கெனவே உள்ளே சென்றுவிட்ட ஆணைகள் நிறைவேறிவிட்டன. சுமார் 15 நிமிடம் கழித்து வணிகம் தொடர்ந்தது.

இதிலிருந்து இரண்டு திருத்தங்கள் பிறந்தன. ஆணையின் மதிப்பு, அளவு, விலை ஆகியவற்றை அது சந்தைக்குள் நுழையும் முன்பே சோதிக்கும் விதிகள் கடுமையாக்கப்பட்டன. குறியீட்டில் உள்ள பங்குகளின் ஒவ்வொரு வணிகத்திற்குப் பின்னும் குறியீட்டெண்ணைக் கணித்து, வரம்பு மீறப்பட்டதா என்று பார்க்க வேண்டும் என 2013இல் விதிக்கப்பட்டது. 2020 மார்ச் 13, மார்ச் 23 ஆகிய நாட்களில் கொரோனா அச்சத்தால் சந்தை சரிந்தபோது, 10 விழுக்காட்டு எல்லையில் வணிகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 3,935 புள்ளிகள் சரிந்து முடிந்தது. வீழ்ச்சி தவிர்க்கப்படவில்லை, ஆனால் சிந்திக்க அவகாசம் கிடைத்தது.

2021: கண் மூடிய நாள்

2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்பு இணைப்பில் ஏற்பட்ட கோளாறைத் தொடர்ந்து, தேசியப் பங்குச் சந்தையின் தீர்வுக் கழகத்தின் இடர் மேலாண்மை அமைப்பு செயல்படாமல் போனது. காலை 11.40 மணிக்கு வணிகம் நிறுத்தப்பட்டது. பிற்பகல் 3.45 மணிக்குத் தொடங்கி 5 மணி வரை நடந்தது. இடர் மேலாண்மை இல்லாமல் வணிகத்தை நடத்தக் கூடாது என்பதே நிறுத்தத்திற்குக் காரணம். 1992இல் கண்காணிப்பு இல்லாமலேயே சந்தை ஓடியது. 2021இல் கண்காணிப்பு நின்றதால் சந்தையும் நின்றது. முப்பது ஆண்டு மாற்றத்தின் அளவை இதைக் கொண்டு உணரலாம்.

2024: விரைவும் கேள்வியும்

2024 சூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு நாள். அன்று 6 மணி 15 நிமிட வணிக நேரத்தில் தேசியப் பங்குச் சந்தைக்கு 1,971 கோடி ஆணைகள் வந்தன. சராசரியாக நொடிக்கு எட்டே முக்கால் லட்சம் ஆணைகள். இவற்றை மனிதக் கண்ணால் பார்ப்பது இயலாத செயல்.

எனினும், எல்லாவற்றையும் பதிவு செய்வதும் எல்லாவற்றையும் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல. 2025 சூலை 3 அன்று அமெரிக்காவின் ஜேன் ஸ்ட்ரீட் குழுமத்தின் மீது செபி இடைக்கால ஆணை பிறப்பித்து, 4,843 கோடி ரூபாய்க்கு மேல் முடக்கியது. 2024 சனவரி 17 அன்று இக்குழுமம் காலையில் வங்கிப் பங்குகளையும் எதிர்கால ஒப்பந்தங்களையும் 4,370 கோடி ரூபாய் அளவுக்கு வாங்கிப் பேங்க் நிஃப்டியைத் தாங்கி நிறுத்தியதாகவும், அதைவிடப் பன்மடங்கு பெரிய ‘ஆப்ஷன்’ நிலையை எதிர்த்திசையில் எடுத்ததாகவும், பிற்பகலில் வாங்கியவற்றை விற்றுப் பெரும் ஆதாயம் கண்டதாகவும் அவ்வாணை கூறுகிறது. குழுமம் இக்குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அன்றைய ஆணைகள் ஒவ்வொன்றும் நேர முத்திரையுடன் பதிவாகியே இருந்தன. ஆனால் செபியின் விசாரணை தொடங்கியது 2024 ஏப்ரலில், அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் இக்குழுமம் தொடுத்த வேறொரு வழக்கில் இந்தியச் சந்தை பற்றிய பேச்சு எழுந்து, ஊடகங்களில் வந்த பிறகுதான். பங்கு, எதிர்கால ஒப்பந்தம், ஆப்ஷன் ஆகிய மூன்றையும் சேர்த்து இப்படி ஒரு கேள்வி கேட்கலாம் என்று அதற்குப் பின்னரே கவனம் திரும்பியது. 1992இல் ஒரு நிருபரின் கேள்வி. 2024இல் ஒரு நீதிமன்றச் செய்தி. இயந்திரத்தின் வேகம் எவ்வளவோ பெருகியும் தொடக்கப்புள்ளி மனிதரின் ஐயமாகவே இருந்தது.

சிறு முதலீட்டாளர் அறிய வேண்டியவை

சென்னை பங்குச் சந்தை 2015இல் மூடப்பட்டது. இன்று பொன்னமராவதியிலோ அறந்தாங்கியிலோ இருப்பவர் கைப்பேசி வழியே மும்பைச் சந்தைகளில் நேரடியாகப் பங்கு வாங்குகிறார். அவருக்கு இக்கண்காணிப்பு தரும் பாதுகாப்பு உண்மையானது. அவர் சொன்ன விலைக்கு மேல் வாங்கப்படாது. அவருடைய கணக்கில் பங்கு அசைந்தால் குறுஞ்செய்தி வரும். விலை இயல்பற்று நகரும் பங்குகளைச் சந்தையே கூடுதல் கண்காணிப்புப் பட்டியலில் வைத்து அறிவிக்கும். வாங்கும் முன் அப்பட்டியலில் பங்கு உள்ளதா என்று பார்ப்பது நல்லது.

ஆனால் இந்தக் கண் பார்க்க முடியாத இடங்களும் உண்டு. போலிச் செயலியில் செலுத்தும் பணம் சந்தைக்குள் வருவதே இல்லை. அதை எந்தச் சந்தைக் கணினியும் பார்க்காது. அப்படி ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பதிவு பெற்ற தரகர் மீதான குறைகளைச் செபியின் ‘ஸ்கோர்ஸ்’ தளத்தில் பதிவு செய்யலாம். விதிக்கு உட்பட்டே ஒருவர் தம் பணத்தை இழப்பதையும் கண்காணிப்பு தடுக்காது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எதிர்கால, ஆப்ஷன் வணிகம் செய்த தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர் என்று செபியின் ஆய்வு கூறுகிறது. அவர்களின் மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

தேர்வறையில் கண்காணிப்பாளர் இருப்பதால் காப்பி அடிப்பது குறையும். படிக்காமல் வந்த மாணவனை அவரால் தேர்ச்சி பெறச் செய்ய முடியாது. பங்குச் சந்தைக் கண்காணிப்பின் பயனும் எல்லையும் இவ்வளவே.